மைனஸ் × மைனஸ் ஏன் பிளஸ்? முழுக்களிலும் விகிதமுறு எண்களிலும் விடாமல் வரும் ஐந்து தவறுகள்

மாலைவகுப்பு (கேள்வி)

ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருபவர்களிடம் ஒரு கேள்வி. முழுக்கள் பாடம் முடிந்து விகிதமுறு எண்களுக்குப் போன பிறகும் இந்த ஐந்து விடைகள் நோட்டில் வந்துகொண்டே இருக்கின்றன:

அ) −7 − 5 = 12

ஆ) −3² = 9

இ) −5/6 + 3/8 = −2/14

ஈ) 2/(−3), −3/4 இரண்டில் பெரியது −3/4. குறுக்கே பெருக்கி 8, 9 என்று எடுத்து, 9 பெரியது என்று முடித்துவிடுகிறார்கள்.

உ) −2⅓ = −5/3

சரியான விடை என்னவென்று தெரியும். எந்த இடத்தில் தடம் மாறுகிறது, அதை எப்படி நிமிர்த்துவது என்பதுதான் தெரிய வேண்டும். கூடவே, (−) × (−) = (+) என்பதற்குக் கடன் கதையை விட்டால் வேறு விளக்கம் உண்டா? "கடனைக் கடனால் பெருக்கினால் எப்படி சார் சொத்தாகும்?" என்று ஒரு பெண் கேட்டால் என்ன பதில் சொல்வது?

---

சுழியம்

அந்தப் பெண் கேட்பது நியாயம். கடனைக் கடனால் பெருக்க முடியாது. கடன் உதாரணம் கூட்டல், கழித்தல் வரைக்கும் ஒழுங்காக வரும், பெருக்கலில் கைவிட்டுவிடும். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் அ. மற்றவற்றில் பாதிக்கு வேர் அங்கேதான்.

"மைனஸும் மைனஸும் பிளஸ்" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்ததன் பலன்தான் அந்த 12. அந்த வாசகத்தில் என்ன செயல் என்பதே கிடையாது. பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரிய விதியை, இரண்டு கோடு கண்ணில் பட்டவுடன் பிள்ளை போட்டுவிடுகிறது. அந்த வாசகத்தை வகுப்பை விட்டே விரட்டுங்கள். "ஒரே குறி கொண்ட இரண்டு எண்களின் பெருக்கல் பலன் மிகை" என்று முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள். நீளமாக இருந்தாலும் 'பெருக்கல்' என்ற சொல் உள்ளே இருக்கும்.

அடுத்து, அந்தக் கோடு மூன்று வேலை பார்க்கிறது என்பதைப் பிரித்துக் காட்ட வேண்டும். 8 − 5 இல் அது செயல். −5 என்று தனியாக நின்றால் எண்ணின் குறி. −(−5) இல் வெளியே நிற்பது 'எதிரெண் எடு' என்ற கட்டளை. மூன்றையும் ஒரே கோட்டால் எழுதுவது நமக்குப் பழகிவிட்டது, பன்னிரண்டு வயசுக்குப் பழகவில்லை. ஆகவே தொடக்கத்தில் எல்லாக் கழித்தலையும் கூட்டலாக மாற்றி, அடைப்புக்குறி போட்டு எழுத வையுங்கள்:

−7 − 5 = (−7) + (−5) = −12
−7 − (−5) = (−7) + (+5) = −2

இடையில் இருக்கும் இந்த வரியை எழுதாமல் விடை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். கை பழகிய பிறகு விட்டுவிடலாம்.

கையில் தொட்டுக் காட்டப் புளியங்கொட்டை போதும். தாய விளையாட்டுக்குத் தேய்ப்பது மாதிரி ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்குங்கள். வெள்ளை மேலே இருந்தால் +1, கருப்பு மேலே இருந்தால் −1. ஒரு வெள்ளையும் ஒரு கருப்பும் சேர்ந்த ஜோடி 0. ஒரு பிள்ளைக்கு முப்பது கொட்டை இருந்தால் தாராளம்.

3 − (−2) கணக்கு: மூன்று வெள்ளை வைக்கிறோம். இதிலிருந்து இரண்டு கருப்பை எடுக்கச் சொல்கிறது கணக்கு. கருப்பே இல்லை. சுழி ஜோடி இரண்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால் மதிப்பு மாறாது. இப்போது ஐந்து வெள்ளை, இரண்டு கருப்பு. அந்த இரண்டு கருப்பையும் எடுத்தால் மீதி ஐந்து வெள்ளை. குறை எண்ணைக் கழித்தால் ஏன் கூடுகிறது என்பதைப் பிள்ளை தன் கையாலேயே செய்து பார்த்துவிடும். −7 − 5 க்கும் அதே முறை: ஏழு கருப்பு, ஐந்து ஜோடி சேர், ஐந்து வெள்ளையை எடு, மீதி பன்னிரண்டு கருப்பு. பிழை நடப்பது ஜோடி சேர்க்கும் கட்டத்தில்தான்: வெள்ளையை மட்டும் சேர்த்துவிடுவார்கள். "சேர்த்ததன் மதிப்பு சுழியா?" என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள்.

இனி (−) × (−). பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த இரண்டே விஷயம் வேண்டும். எந்த எண்ணையும் 0 ஆல் பெருக்கினால் 0. அடுத்தது பங்கீட்டுப் பண்பு: அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் எண் உள்ளே உள்ள ஒவ்வொன்றையும் பெருக்கும். பலகையில் இப்படி எழுதுங்கள்:

(−3) × 0 = 0
(−3) × [4 + (−4)] = 0
(−3) × 4 + (−3) × (−4) = 0

(−3) × 4 என்பது −3 ஐ நான்கு தடவை கூட்டுவது, ஆக −12. அதில் சந்தேகம் இல்லை. அப்படியானால்

−12 + (−3) × (−4) = 0

−12 உடன் எதைக் கூட்டினால் சுழி வரும்? 12 ஐ மட்டும்தான். முடிந்தது. 12 ஐ யாரும் ஆணையிட்டு வைக்கவில்லை. பங்கீட்டுப் பண்பு குறை எண்களுக்கும் செல்லவேண்டும் என்று நாம் பிடிவாதமாக நின்றால் வேறு விடைக்கு இடமே இல்லை. "விடை −12 ஆக இருந்தால் என்ன?" என்று கேட்பவனிடம் அதே வரியில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். −24 = 0 என்று வந்து நிற்கும்.

(−4) × 3 = −12, (−4) × 2 = −8, (−4) × 1 = −4, (−4) × 0 = 0, அடுத்த படி 4 தானே என்று வரிசை போட்டுக் காட்டுவதும் உண்டு. ஊகிக்க வைக்க நல்லது. நிரூபணமாக ஏற்க மாட்டேன்.

ஒரு கொசுறு: இந்த விதிகளை 628 இல் பிரம்மகுப்தர் எழுதி வைத்தார், அதுவும் தனம், ரிணம் என்று சொத்து, கடன் மொழியிலேயே. அதே இடத்தில் 0 ÷ 0 = 0 என்றும் எழுதிவிட்டார். அதை இன்று யாரும் ஏற்பதில்லை.

---

நெடுவரிசை

ஆ பற்றி மட்டும் சொல்கிறேன். −3² இல் அடுக்கு ஒட்டியிருப்பது 3 இன் மேல் மட்டும். கோட்டின் மேல் இல்லை. முதலில் 3² = 9, பிறகு அதன் எதிரெண், −9. அடைப்புக்குறிக்குள் போட்டு (−3)² என்றால் மட்டும் 9. போட்மாஸ் (எந்தச் செயலை முதலில் செய்வது என்ற வரிசை விதி) சொல்லிக்கொடுத்த பிள்ளையிடம் "கோட்டுக்கு முன்னால் ஒரு 0 எழுது" என்று சொன்னால் போதும். 0 − 3² என்று பார்த்தவுடன் யாரும் 9 சொல்ல மாட்டார்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இதை எக்செல்லில் போட்டுச் சரிபார்க்க வேண்டாம். =-3^2 என்று அடித்தால் எக்செல் 9 என்றுதான் காட்டும்! எண்ணுக்கு முன்னால் தனியாக நிற்கும் கோட்டுக்கு அடுக்கைவிட முன்னுரிமை தரும்படி அதை அமைத்திருக்கிறார்கள். =0-3^2 என்று அடித்தால் −9 வரும், ஏனென்றால் அங்கே கோடு கழித்தல் செயல். கூகுள் ஷீட்ஸும் அப்படியே. பைத்தான் நிரல்மொழியில் -3**2 என்றால் −9, அது கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகும். வீட்டில் கணினி வைத்திருக்கும் பிள்ளை "எக்செல் 9 னு காட்டுது சார்" என்று வந்து நின்றால் முழிக்க வேண்டியதில்லை.

இந்தத் தவறின் அசல் சேதம் இயற்கணிதத்தில்தான் தெரியும். x = −3 எனில் x² − 2x மதிப்பு என்ன? எழுத்தை எடுத்துவிட்டு எண்ணை வைக்கும்போது அடைப்புக்குறியோடு வைத்தால் (−3)² − 2(−3) = 9 + 6 = 15. அடைப்புக்குறி இல்லாமல் நேரே எழுதினால் −3² − 2−3 என்று ஒரு கந்தல் வரும், அதிலிருந்து −14 எடுப்பவர்களும் உண்டு. பிரதியிடும்போது அடைப்புக்குறி கட்டாயம். இதில் பேரம் கூடாது.

---

கீழ்ப்பகுதி

பின்னப் பகுதிக்கு வருகிறேன்.

இ: தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டுவது. "தப்பு, மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடு" என்று சொன்னால் அன்றைக்குத் திருந்தும், அடுத்த வாரம் திரும்ப வரும். ஏன் தப்பு என்று எண்ணைக் கொண்டே காட்ட வேண்டும். மிகைப் பின்னத்தில் தொடங்குங்கள்: ½ + ⅓ = 2/5 என்றால், 2/5 என்பது 0.4. கூட்டிய விடை ½ ஐவிடச் சிறியதாகிவிட்டது! அரை லிட்டர் பாலில் இன்னும் ஊற்றிய பிறகு பால் குறைந்துவிட்டது என்றால் எந்தப் பிள்ளையும் ஒத்துக்கொள்ளாது.

இதற்குப் பின்னால் ஒரு அழகான உண்மை இருக்கிறது. பகுதிகள் மிகையாக இருந்தால், மேலே மேலே, கீழே கீழே கூட்டி வரும் எண் எப்போதும் அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் விழும். அது கூட்டுத்தொகை ஆகாது, இடையில் ஓர் எண் கண்டுபிடிக்கும் வழி. "−2/3 க்கும் −3/4 க்கும் இடையே ஒரு விகிதமுறு எண் காண்க" என்ற வினாவுக்கு −5/7 என்று அந்தத் தப்பு முறையிலேயே சரியான விடை எடுக்கலாம். சராசரி எடுத்தால் −17/24. இரண்டும் சரி. ஆகவே அந்த முறையை முழுக்க எரித்துவிடாமல், அது எந்த வினாவுக்கு உரியது என்று காட்டிவிடுங்கள்.

உங்கள் கணக்கு: 6, 8 இன் மீ.பொ.ம. 24. −20/24 + 9/24 = −11/24. தசமத்தில் ஒரு பார்வை: −0.83 + 0.375, ஏறக்குறைய −0.46. −11/24 உம் அதுவே. −2/14 என்பது −0.14, பக்கத்திலேயே வராது. விடை எழுதிய பிறகு இந்த உத்தேசச் சோதனைக்குப் பத்து விநாடி ஆகும்.

ஈ: இதில் பிள்ளை முறையைச் சரியாகத்தான் செய்தது. முறைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. குறுக்குப் பெருக்கல் என்பது இரண்டு பக்கத்தையும் இரண்டு பகுதிகளாலும் பெருக்குவது. பகுதிகள் −3, 4 என்றால் −12 ஆல் பெருக்குகிறோம். குறை எண்ணால் பெருக்கினால் சமனின்மை புரண்டுவிடும். 8 < 9 என்று வந்தால் உண்மையில் 2/(−3) > −3/4. கொடுமை என்னவென்றால், இரண்டு பகுதியுமே குறையாக இருந்தால் இரண்டு தடவை புரண்டு தற்செயலாகச் சரியான விடை வந்துவிடும். 2/(−3), 3/(−4) என்று கொடுத்துப் பாருங்கள்: −8, −9, பெரியது 2/(−3). சரிதான். அதனால் சில கணக்கில் முறை வேலை செய்வதும் சிலதில் கவிழ்வதுமாக, பிள்ளைக்குக் காரணமே பிடிபடாது.

மருந்து ஒன்றுதான். விகிதமுறு எண்ணைக் கையில் எடுத்தவுடன் முதல் வேலை குறியைத் தொகுதிக்கு ஏற்றுவது. 2/(−3) ஐ −2/3 என எழுது, பிறகு மற்றது. பொதுப்பகுதியில் −8/12, −9/12. எண்கோட்டில் −8 வலப்பக்கம், ஆகவே −2/3 பெரியது.

கேட்காத இன்னொன்றையும் சேர்க்கிறேன், ஏனென்றால் ஆறாவது தவறாக அது வரப்போகிறது. −5/8 இன் கூட்டல் நேர்மாறு 5/8. பெருக்கல் நேர்மாறு, அதாவது தலைகீழி, −8/5. இரண்டையும் குழப்பி, தலைகீழாக்கும்போது குறியையும் மாற்றி 8/5 என்று எழுதுவார்கள். சோதனை எளிது: கூட்டல் நேர்மாறோடு கூட்டினால் 0 வரவேண்டும், தலைகீழியோடு பெருக்கினால் 1 வரவேண்டும். (−5/8) × (8/5) = −1, ஆகவே அது தலைகீழி இல்லை. வகுத்தலில் (−3/4) ÷ (−5/8) = (−3/4) × (−8/5) = 24/20 = 6/5. திருப்பிப் போடுவது வகுக்கும் எண்ணை மட்டும். முதல் எண்ணைத் திருப்பினால் விடை 5/6 என்று வரும், அது சரியான விடையின் தலைகீழி. அந்த 5/6 ஐ நோட்டில் பார்த்தாலே எது திரும்பியது என்று கண்டுபிடித்துவிடலாம்.

---

மேல்கோடு

உ விட்டுப்போச்சு. −2⅓ என்பதில் கோடு 2 க்கு மட்டும் சொந்தம் என்று பிள்ளை நினைக்குது. −2 + ⅓ போட்டா −5/3 தான் வரும், கூட்டலில் பிழையே இல்லை. படிச்ச விதத்தில்தான் பிழை. கலப்புப் பின்னத்தில் கோடு மொத்தத்துக்கும்: −(2 + ⅓) = −7/3. எண்கோட்டில் புள்ளி வைக்கச் சொல்லுங்க. −2 ஐத் தாண்டி இடப்பக்கம் போய், −2 க்கும் −3 க்கும் நடுவில் நிக்கணும். −5/3 ன்னா −1 க்கும் −2 க்கும் நடுவில் நின்னுடும். புள்ளி எந்த இடைவெளியில் விழுதுன்னு முதலில் சொல்ல வெச்சா இந்தத் தவறு தானா நிக்கும். கணக்கு செய்யறதுக்கு முன்னாடி கலப்புப் பின்னத்தை எல்லாம் தகா பின்னமா மாத்திடறது நல்லது: −2⅓ + 1½ = −7/3 + 3/2 = −14/6 + 9/6 = −5/6.

வேடிக்கை என்னன்னா, பிள்ளை படிச்ச மாதிரியே எழுதுற வழக்கம் ஒண்ணு நிஜமாவே இருந்துச்சு. மடக்கை (லாகரிதம்) அட்டவணை வெச்சுக் கணக்கு போட்ட காலத்தில் 0.02 இன் மடக்கையை, 2 க்கு மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் .3010 ன்னு எழுதுவாங்க. அதுக்கு அர்த்தம் −2 + 0.3010, அதாவது −1.6990. கோடு முழுப் பகுதிக்கு மட்டும். அதனாலதான் அதை முன்னாடி போடாம தலைக்கு மேலே போட்டாங்க.

சுழியம் சொன்ன புளியங்கொட்டை முழுக்களுக்கு ரொம்ப நல்லது, ஆனா விகிதமுறு எண் வந்தவுடனே அதை மூட்டை கட்டிடணும். −7/3 க்கு எந்தக் கொட்டையை உடைக்கிறது? அங்கே எண்கோடுதான். அதோட, இரண்டு முழுக்களுக்கு நடுவில் முழு இல்லாம இருக்கலாம், −3 க்கும் −2 க்கும் நடுவில் ஒண்ணும் கிடையாது. விகிதமுறு எண்ணில் அடுத்த எண்ணுன்னே ஒண்ணு இல்லை, எந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொண்ணு வந்துடும். எண்ணி விளையாடற பொருளால இதைக் காட்டவே முடியாது.

---

மாலைவகுப்பு

எல்லோருக்கும் நன்றி. ஈ இல் நிபந்தனையைச் சொல்லாமல் விட்டதுதான் சிக்கல் என்பது இப்போது விளங்குகிறது. தொடர்ச்சியாக இரண்டு சந்தேகம்.

முதலாவது: பகுதியில் 2, 5 தவிர வேறு காரணி இருந்தால் தசமம் முடியாது என்கிறோம். 6/15 இல் 3 இருக்கிறது, ஆனால் 0.4 என்று முடிகிறதே? 22/7 க்கும் பைக்கும் உள்ள குழப்பமும் இங்கேதான் வருகிறது.

இரண்டாவது: −17 ஐ 5 ஆல் வகுத்தால் ஈவு, மீதி என்ன? ஒருவர் −3, −2 என்கிறார், இன்னொருவர் −4, 3 என்கிறார்.

---

முந்திரிக்கணக்கு

முதல் கேள்விக்கு என் பதில்.

6/15 ஐச் சுருக்கினால் 2/5. விதி எப்போதும் சுருக்கிய வடிவத்துக்குத்தான். முதலில் மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி) ஆல் சுருக்கு, பிறகு பகுதியின் காரணியைப் பார். 7/12 ஐச் சுருக்க முடியாது, 12 இல் 3 இருக்கிறது, ஆகவே 0.58333... என்று முடியாமல் போகும். முடியும் என்றால் எத்தனை இலக்கத்தில் முடியும் என்பதையும் வகுக்காமலே சொல்லலாம். 2 இன் அடுக்கு, 5 இன் அடுக்கு இரண்டில் எது பெரியதோ அத்தனை இலக்கம். 3/8 இல் 2³, ஆகவே மூன்று இலக்கம்: 0.375.

ஏன் சுழல்கிறது என்பதற்கு 1/7 ஐ நீள்வகுத்தல் போட்டு, ஈவை விட்டுவிட்டு மீதியை மட்டும் ஓரத்தில் எழுத வையுங்கள். 1 இல் தொடங்கினால் மீதி 3, 2, 6, 4, 5, 1 என்று வரும். 7 ஆல் வகுத்தால் 0 தவிர ஆறு மீதிதான் உண்டு. ஆறும் செலவாகி மறுபடி 1 வந்துவிட்டது, ஆக அதே பாதையில் திரும்ப ஓடியே ஆகவேண்டும்: 0.142857 142857... எந்த விகிதமுறு எண்ணும் ஒன்று முடியும், இல்லை சுழலும். வேறு வழியில்லை. 22/7 என்பது 3.142857 142857... என்று சுழலும் விகிதமுறு எண். பை 3.14159... என்று போகும், சுழலவும் மாட்டாது முடியவும் மாட்டாது. இரண்டும் மூன்றாவது தசம இலக்கத்திலேயே பிரிந்துவிடுகின்றன. வினாத்தாளில் "பை = 22/7 எனக் கொள்க" என்று இருப்பது தோராயத்துக்கு அனுமதி, அவ்வளவுதான்.

தசமத்திலிருந்து பின்னத்துக்குத் திரும்பி வரும் வழி: x = 0.58333... என்றால் 100x = 58.333..., 1000x = 583.333... கழித்தால் 900x = 525, x = 525/900 = 7/12. சுழலாத 5, 8 ஐத் தாண்டும் வரை முதலில் நகர்த்த வேண்டும். நேரே 10x − x போட்டால் தொகுதியில் 5.25 என்று தசமம் ஒட்டிக்கொண்டு நிற்கும். தப்பில்லை, ஆனால் 5.25/9 ஐ மறுபடி சீராக்க வேண்டும்.

நம்மூர் பழைய பின்னங்களை இங்கே கொண்டுவந்தால் வகுப்பு களைகட்டும். மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320, மாகாணி 1/16, அரைக்கால் 1/8. பெயரே கணக்கு: மாவும் காணியும் கூட்டினால் 4/80 + 1/80 = 5/80 = 1/16, மாகாணி. இந்தப் பகுதிகள் எல்லாமே 320 ஐ வகுப்பவை. 320 = 2⁶ × 5. ஆகவே இந்த வரிசையில் எதைக் கூட்டினாலும் கழித்தாலும் முடிவுறு தசமம்தான் வரும். முந்திரி 0.003125, சொன்ன விதிப்படி ஆறு இலக்கம். சரி, மூன்றில் ஒன்றை இந்த அளவுகளில் எழுது என்று கேளுங்கள். 106 முந்திரிக்கும் 107 முந்திரிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். கீழ்முந்திரிக்குப் போனாலும், அதாவது 1/1,02,400, தீராது. அதுவும் 2, 5 இன் பெருக்கம்தானே, 3 எங்கிருந்து வரும்? எட்டாம் வகுப்புக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் எனக்குத் தெரியவில்லை.

இதே சங்கதிதான் கணினியிலும். அங்கே அடிமானம் 2, ஆகவே பகுதியில் 5 இருந்தாலே முடியாது. 0.1 ஐ அதனால் சரியாக வைத்துக்கொள்ள முடியாமல், பைத்தானில் 0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 என்று காட்டும். 0.125 + 0.25 போட்டால் 0.375 சுத்தமாக வரும். பண விவகாரத்துக்கு நிரல் எழுதுகிறவர்கள் ரூபாயைத் தசமமாக வைக்காமல் பைசாவை முழு எண்ணாக வைப்பது இதனால்தான்.

---

நெடுவரிசை

இரண்டாவது கேள்வி. மீதிக்கு ஒரு நிபந்தனை உண்டு: 0 அல்லது அதைவிடப் பெரிது, வகுக்கும் எண்ணின் மட்டு மதிப்பைவிட (குறியை விட்டுவிட்ட அளவைவிட) சிறிது. −17 = 5 × (−4) + 3. ஆகவே ஈவு −4, மீதி 3. −3, −2 என்று எழுதினாலும் 5 × (−3) + (−2) = −17 சரிதான், ஆனால் மீதி குறையாகிவிட்டது, நிபந்தனை உடைந்தது. தேர்வில் −4, 3 என்ற விடையே எழுத வேண்டும்.

தவறு எங்கே வருகிறது என்றால், 17 ÷ 5 இல் ஈவு 3, மீதி 2 என்று எடுத்து இரண்டுக்கும் கோடு போட்டுவிடுகிறார்கள். எண்கோட்டில் −17 க்கு இடப்பக்கம் உள்ள 5 இன் மடங்கைப் பிடிக்கச் சொல்லுங்கள், −20. அங்கிருந்து வலப்பக்கம் எத்தனை அடி? 3. மிகை எண்ணுக்கும் இதே கட்டளைதான்: 17 க்கு இடப்பக்கம் 15, அங்கிருந்து 2.

கணினி மொழிகள் இதில் இரண்டு கட்சி. பைத்தானில் -17 // 5 என்றால் −4, -17 % 5 என்றால் 3. சி மொழியில் −3, −2. எக்செல்லின் மாட் (MOD) சார்பு 3 தரும். இன்ட் (INT) சார்பு −3.4 ஐ −4 ஆக்கும், ட்ரங்க் (TRUNC) சார்பு −3 ஆக்கும். "தசமத்தை வெட்டிவிடு" என்பதும் "அடுத்த சிறிய முழுவுக்கு இறங்கு" என்பதும் மிகை எண்ணில் ஒன்றாகத் தெரியும், சுழிக்கு இடப்பக்கம் போனவுடன் பிரிந்துவிடும்.

கிழமைக் கணக்கில் போட்டுக் காட்டினால் மீதி ஏன் மிகையாக இருக்க வேண்டும் என்பது பிடிபடும். இன்று புதன், 17 நாளுக்கு முன்னால் என்ன கிழமை? −17 = 7 × (−3) + 4. புதனுக்குப் பிறகு நான்கு நாள் எண்ணினால் ஞாயிறு. பின்னோக்கிச் சரிபார்க்க: 14 நாள் முன்பு புதன், அதற்கு மூன்று நாள் முன்பு ஞாயிறு.

---

சுழியம்

எண்கோட்டைப் பற்றி ஒரு பின்குறிப்பு, வினாத்தாள் தயாரிப்பவர்களுக்காக. கி.மு., கி.பி. ஆண்டுகளை முழுக்களுக்கு உதாரணமாகப் போடும் வழக்கம் இருக்கிறது. அதில் 0 ஆம் ஆண்டு கிடையாது, கி.மு. 1 க்கு அடுத்தது நேரே கி.பி. 1. உரோமப் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை ஆண்டார். 14 − (−27) = 41 என்று போட்டால் ஓர் ஆண்டு கூடிவிடும், இடைவெளி 40 தான். வானியல் கணக்கில் கி.மு. 1 ஐ 0 என்றும், கி.மு. 27 ஐ −26 என்றும் எழுதுவார்கள். அந்த முறையில் 14 − (−26) = 40, கழித்தல் ஒழுங்காக வரும். உதாரணம் வேண்டுமானால் வெப்பநிலையை எடுங்கள். −15 செல்சியஸை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றச் சொன்னால் (9/5) × (−15) + 32 = −27 + 32 = 5. ஒரே கணக்கில் விகிதமுறு எண், குறை எண், பெருக்கல், கூட்டல் எல்லாம் வந்துவிடும். −40 ஐயும் கொடுங்கள். விடையும் −40 என்று வருவதைப் பார்த்துத் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பார்கள்.